மலையூரின் மரபு யார் கையில்?

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அண்ணன்மாரே, தங்கையே, வேலை முடிந்த களைப்போடும் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்திருக்கும் பினாங்குத் தமிழ்ச் சொந்தங்களே, எல்லாருக்கும் என் வணக்கம்.

தலைப்பை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்கிறேன். ஒதுங்கி நிற்கும் மலைக்கிராமத்தின் பண்பாட்டைப் பெரிதும் காத்து வருவது அதன் தனிமையா, அங்கே வாழும் மக்களா? தனிமைதான் என்று எதிரணி வாதாடிவிட்டது. மக்கள்தான் என்று சொல்ல நான் எழுந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அண்ணன், "பாதை ஏறிப் போன ஊரிலெல்லாம் பண்பாடு இறங்கி ஓடிவிட்டது" என்றார். மண்டபமே கைதட்டியது. கேட்க நன்றாகத்தான் இருந்தது, ஐயா. ஆனால் அதற்குள் ஒரு பெரிய அநியாயம் இருக்கிறது. ஒரு ஊர்ச்சனம் தலைமுறை தலைமுறையாகப் பாடுபட்டு வைத்திருக்கும் ஒன்றைப் பார்த்து, 'இதில் உங்கள் பெருமை என்ன இருக்கிறது, வேறு போக்கிடம் இல்லாததால் வைத்திருந்தீர்கள்' என்று சொல்வதாகிறது அது. உழைத்தவர் ஒருவர், பெயர் வாங்குவது பாறையும் பள்ளத்தாக்குமா? இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

சரி, அவர்கள் காட்டிய ஊர்களுக்கே போவோம்.

இரண்டாவதாகப் பேசிய அண்ணன் வெள்ளகவியைச் சொன்னார். கொடைக்கானலுக்குப் பக்கத்தில், வட்டக்கானலிலிருந்து காட்டுக்குள் இறங்கி நடக்க வேண்டிய ஊர். கோயில்கள் நிறைந்த ஊர் என்பதால் ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. "வண்டி போகாத ஊர், அதனால்தான் அந்த வழக்கம் நிலைத்தது" என்றார் அண்ணன். கொடைக்கானல் என்ற மலைநகரம் உருவாகும் முன்பே, 1821-ல், வார்டு என்ற வெள்ளைக்கார அளவையாளர் வெள்ளகவியில் தங்கி அங்கிருந்துதான் மேலே ஏறினார். வெளியுலகம் அந்த ஊரை எட்டிப் பார்த்து இருநூறு வருடம் ஆகிவிட்டது. இன்றைக்கும் முதுகுப்பையும் பெரிய பூட்சுமாக இளைஞர்கள் மலையேறிப் போகிறார்கள். ஊர் எல்லை வந்ததும் பூட்சைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறார்கள். அவர்களைக் கழற்ற வைப்பது எது? மலை எதுவும் கேட்கவில்லை. மலைப்பாதையில் செருப்பில்லாமல் நடப்பதுதான் சிரமம், கல்லும் முள்ளும் அட்டையும் நிறைந்த பாதை அது. தனிமையும் கரடும்தான் வழக்கத்தைத் தீர்மானிக்கும் என்றால், அந்த ஊரில் எல்லாரும் தடிமனான செருப்பாகப் போட்டிருக்க வேண்டும். 'இது சாமி இருக்கிற மண், இங்கே கழற்று' என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க ஒரு அம்மா இருக்கிறாள். வந்தவரிடம் அதைச் சொல்ல ஒரு பெரியவர் இருக்கிறார். வழக்கம் அவர்கள் வாயில் இருக்கிறது.

அடுத்து, தங்கை சொன்ன மலாணா. எதிரணியின் பலமான உதாரணம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

இமாச்சலப் பிரதேசத்தின் குல்லு மாவட்டத்தில், 2,600 மீட்டர் உயரத்துக்கு மேல் இருக்கிற ஊர் மலாணா. சுற்றுப்புறமெல்லாம் குல்லுவி பேசும்போது, இந்த ஊர் மட்டும் கனாஷி பேசுகிறது. குல்லுவி ஆரிய மொழிக் குடும்பம், கனாஷி திபெத்திய-பர்மியக் குடும்பம். பக்கத்துப் பள்ளத்தாக்கில்கூட அந்த மொழி கிடையாது. வெளியாள் ஊராரையோ வீட்டுச் சுவரையோ கோயிலையோ தொடக்கூடாது, தொட்டால் அபராதம். கடையில் ஒரு பிஸ்கட் வாங்கினாலும் காசைத் தரையில் வைக்க வேண்டும், கடைக்காரர் எடுத்துக்கொண்டு பொருளைத் தரையில் வைப்பார். ஊருக்குத் தெய்வம் ஜம்லு. ஊர் நிர்வாகத்துக்கு இரண்டு அவைகள் உண்டு. மேலவையில் 11 பேர். மூன்று இடங்கள் நிரந்தரம், மற்ற எட்டுப் பேரை ஊர் தேர்ந்தெடுக்கிறது. கீழவையில் வீட்டுக்கு ஒருவர். வழக்கு இந்த இரண்டு அவையிலும் தீரவில்லை என்றால் ஜம்லுவிடம் போகும்.

தங்கை இதையெல்லாம் அழகாகச் சொல்லிவிட்டு, "பார்த்தீர்களா, மலை காத்தது" என்று முடித்தார். தங்கையே, நீங்கள் சொன்ன பட்டியலில் மலை எங்கேம்மா வருகிறது? அவை கூடுவது மனிதர்கள். தேர்ந்தெடுப்பது மனிதர்கள். அபராதம் வசூலிப்பது மனிதர்கள். இமயமலை முழுக்க இப்படி ஒதுக்குப்புறமான ஊர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. எல்லா ஊரும் மலாணா ஆகிவிடவில்லையே. ஒரே பனி, ஒரே ஏற்றம், ஒரே தேவதாரு மரம்தான் மற்ற ஊர்களுக்கும். வித்தியாசம் ஊராரிடம் இருக்கிறது.

அந்த ஊருக்குப் பாதை வந்த கதையையும் தங்கை சொல்லாமல் விட்டார். 2001-ல் மலாணா ஆற்றில் 86 மெகாவாட் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. திட்டத்தோடு சாலையும் பள்ளத்தாக்குக்குள் வந்தது. மீதி ஏற்றத்தைத்தான் இப்போது நடக்க வேண்டியிருக்கிறது. சாலையோடு சுற்றுலாக்காரர்கள் வந்தார்கள், கஞ்சா தேடி வருகிறவர்களும் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். ஊருக்குள் விடுதிகள் முளைத்தன. நல்ல காசு. ஊருக்குக் கெட்ட பெயரும் வந்தது, இளைஞர்கள் கெட்டுப் போகிறார்கள் என்ற கவலையும் வந்தது. இதை நான் மறைக்க மாட்டேன், பாதையோடு கேடும் வரும் என்பது உண்மை. ஆனால் அதற்குப் பிறகு என்ன நடந்தது? 2017-ல், ஊருக்குள் இருக்கிற விடுதிகளை மூட வேண்டும் என்று ஜம்லுவின் பெயரால் ஊர் முடிவெடுத்தது. வருகிறவர் பகலில் பார்த்துவிட்டு இறங்கிவிட வேண்டும். கையில் வந்து விழுந்துகொண்டிருந்த பணத்தை வேண்டாம் என்று சொன்ன முடிவு அது. தனிமை போன பிறகு எடுத்த முடிவு. தனிமை காத்தது என்றால், அது போன அன்றைக்கே எல்லாம் போயிருக்க வேண்டும். போகவில்லை, ஏனென்றால் தடுத்து நிறுத்த ஆள் இருந்தது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 2008 ஜனவரியில் மலாணாவில் தீப்பிடித்தது. மரமும் கல்லுமாக அடுக்கிக் கட்டிய வீடுகள், குளிருக்கு உள்ளே சேர்த்து வைத்த விறகும் வைக்கோலும், ஒன்றை ஒட்டி ஒன்றாக நிற்கும் கூரைகள். ஊரின் பெரும் பகுதி எரிந்தது. பழைய மரவேலைப்பாடுகள் எரிந்தன. தீயணைப்பு வண்டி மேலே ஏற வழி இல்லை. நடுவர் ஐயா, அன்றைக்குத் தனிமை எதைக் காத்தது? நூற்றாண்டுகளாகச் செதுக்கி வைத்ததைச் சாம்பலாக்குவதற்குத்தான் அது துணை போனது. எரிந்த இடத்தில் மறுபடி வீட்டைக் கட்டியதும், தெய்வத்துக்கு மறுபடி இடம் செய்ததும், மறுபடி அவை கூடியதும் ஊர்ச்சனம்.

மலாணாவின் தொடாதே என்ற விதி எனக்கு உவப்பானதில்லை. தீண்டாமையின் கொடுமையைப் பட்டு, கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இந்த அவையில் நிறையப் பேர் இருக்கிறோம். அந்த விதியைக் கேட்டுப் புல்லரிக்க என்னால் முடியாது. ஆனால் இதுவும் என் கட்சிக்குத்தான் சாதகம். மலைதான் மரபைச் செய்தது என்றால், அதில் கெட்டது இருந்தாலும் யாரிடம் போய்க் கேட்பது? பாறையிடம் முறையிட முடியுமா? மனிதர்கள் வகுத்த விதி என்றால் மனிதர்கள் மாற்றலாம். மரபுக்குச் சொந்தக்காரர் யாரோ அவரே அதற்குப் பொறுப்பும் ஏற்க வேண்டும்.

இப்போது நம் நாட்டுக்கு வருகிறேன். எதிரணி மூன்று பேரும் கடல் தாண்டிப் போனார்கள், நம் சரவாக் மாநிலத்தை யாரும் தொடவில்லை. அங்கே மலைமேல் பாரியோ என்ற ஊர் இருக்கிறதே!

மீரி நகரத்திலிருந்து சின்ன விமானம், பத்தொன்பது பேர் உட்காரலாம். பையை மட்டுமில்லாமல் ஆளையும் தராசில் ஏற்றி எடை போட்டுத்தான் உள்ளே விடுவார்கள். அதை விட்டால், மரம் வெட்டும் கம்பெனிகள் போட்ட மண்பாதையில் ஃபோர் வீல் வண்டியில் ஒரு பகல் முழுக்கக் குலுங்கிப் போக வேண்டும், மழை வந்தால் அதுவும் நிச்சயமில்லை. கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேலே, இந்தோனேசியாவின் கலிமந்தான் எல்லையை ஒட்டி, கெலாபிட் மக்களின் மேட்டுநிலம். தனிமை என்றால் இதுதான் தனிமை.

ஆனால் அந்த மக்கள் மேல் வரலாறு எத்தனை முறை வந்து விழுந்தது பாருங்கள். 1945-ல் ஜப்பானியர்களை எதிர்க்க, டாம் ஹாரிசன் என்ற ஆங்கிலேயர் தலைமையில் நேச நாட்டுப் படையினர் பாரசூட்டில் அந்தச் சமவெளியில் இறங்கினார்கள். மிஷனரிகள் வந்தார்கள், மொத்த இனமும் கிறிஸ்தவம் தழுவியது. 1963-ல் மலேசியாவோடு இந்தோனேசியா நடத்திய கொன்ஃப்ரொந்தாசி மோதல் தொடங்கியபோது எல்லையோரக் கிராமங்களைக் காலி செய்து பாரியோவில் கொண்டுவந்து குடியேற்றினார்கள். பிறகு பள்ளிக்கூடம் வந்தது. மேல்படிப்புக்குப் பிள்ளைகள் மாருடிக்கும் மீரிக்கும் போனார்கள், போன பிள்ளைகளில் வக்கீலும் டாக்டரும் விமானியும் பேராசிரியரும் உண்டானார்கள். இன்றைக்குக் கெலாபிட் மக்களில் பெரும்பாலோர் மேட்டுநிலத்தில் இல்லை, மீரியிலும் கூச்சிங்கிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள்.

எதிரணியின் கணக்குப்படி இந்தப் பண்பாடு எப்போதோ முடிந்திருக்க வேண்டும். அப்படியானால் 'இராவ்' எப்படி நடக்கிறது?

இராவ் என்பது ஊர்கூடி உண்ணும் பெருவிருந்து. முதல் பிள்ளை பிறந்ததும் தாய் தகப்பனுக்குப் புதுப் பெயர் வரும். தாத்தா பாட்டிக்கும் புதுப் பெயர் வரும். குழந்தைக்குப் பெயர் சூட்டும்போது நாமும் விருந்து வைக்கிறோம், ஆனால் அன்றைக்குத் தாத்தாவின் பெயரும் மாறுமா நம் வீட்டில்? அங்கே மாறுகிறது. இவர் இனி இன்னாருடைய தாத்தா, ஆகவே இவருக்கு இது பெயர் என்று ஊர் முன்னால் அறிவிப்பார்கள். அதைக் கேட்டுச் சாட்சியாக இருக்கத்தான் அத்தனை பேருக்கும் சோறு. பன்றியும் மாடும் வெட்டிச் சமைத்து, மசித்த சோற்றை இலையில் மடித்து, வந்தவர் ஒவ்வொருவருக்கும் கொடுப்பார்கள். அந்தச் சோற்றுப் பொட்டலத்துக்கு நூபா லாயா என்று பெயர்.

இந்த இராவ் மாறாமல் உறைந்து கிடந்த சடங்கு இல்லை என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். பழைய நாளில் இறந்தவர்களுக்காகவே பெரிய இராவ் எடுப்பார்கள். எலும்பைச் சேமித்து, ஜாடியில் வைத்து, மலைமுகட்டில் நினைவுக்காக மரம் வெட்டி இடைவெளி உண்டாக்கி, அரிசிக் கள் பெருக்கெடுக்க நாள்கணக்கில் நடக்கும். கிறிஸ்தவர்களான பிறகு கள்ளை விட்டார்கள், இறந்தவர் விருந்தை விட்டார்கள். விருந்தை மட்டும் விடவில்லை. பிறந்த பிள்ளைக்காக, புதுப் பெயருக்காக என்று அதைத் திருப்பிக்கொண்டார்கள். கள் இருந்த இடத்தில் இப்போது மைலோவும் கோப்பியும். எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்று உட்கார்ந்து யோசித்த மக்கள் இவர்கள். இதை மலை யோசிக்குமா?

அந்த விருந்துக்கு யார் வருகிறார்கள்? பள்ளி விடுமுறையிலும் கிறிஸ்துமஸ் நாளிலும் மீரியிலிருந்தும் தலைநகரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் அந்தச் சின்ன விமானத்தில் இடம் பிடித்து வருகிறார்கள். வர முடியாதவர்கள் மீரியிலேயே மண்டபம் எடுத்து இராவ் வைக்கிறார்கள். மலையே இல்லாத இடத்தில், காரும் லாரியும் ஓடுகிற நகரத்தில், அதே பெயர் மாற்றம், அதே இலைச் சோறு. எதிரணி இதற்கு என்ன விளக்கம் வைத்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு உண்மையிலேயே ஆசை.

அப்புறம் உப்பு. பாரியோவுக்குப் பக்கத்தில் பா உமோர் என்ற கிராமம் இருக்கிறது. அங்கே காட்டுக்குள் ஒரு உப்பு ஊற்று. கடலிலிருந்து அவ்வளவு தூரத்தில், மண்ணுக்கடியிலிருந்து உப்புத்தண்ணீர் ஊறுகிறது. அதை மொண்டு பெரிய கொப்பரையில் ஊற்றி, கீழே விறகை அடுக்கி, தண்ணீர் சுண்டச் சுண்டக் காய்ச்ச வேண்டும். நெருப்பு அணைந்தால் வேலை கெடும், ஆகவே ஆள் மாற்றி ஆள் விறகு தள்ளிக்கொண்டே இருப்பார்கள். புகையில் கண் எரியும். ஈர உப்பு அடியில் சேர்ந்ததும் அதை வாரி மூங்கில் குழாயில் இறுக்கி நிரப்பி, குழாயோடு தீயில் போடுவார்கள். மூங்கில் கருகி உதிர்ந்துவிடும், உள்ளே உப்பு கெட்டியான உருளையாக நிற்கும். அதை இலையில் சுற்றிக் கட்டினால் ஆச்சு.

ஒரு காலத்தில் அந்த மக்களுக்கு வேறு உப்பு கிடைக்கவில்லை என்பது சரி. அதுவரைக்கும் எதிரணியின் வாதத்தை ஏற்கிறேன். ஆனால் இன்றைக்குப் பாரியோ கடையில் பொட்டல உப்பு இருக்கிறதே! சில்லறைக் காசுக்குக் கிடைக்கிறது. தேவை போய்விட்டது, விமானமும் வந்துவிட்டது, மண்பாதையும் வந்துவிட்டது. இருந்தும் ஒருவர் கோடரியோடு காட்டுக்குப் போய் விறகு வெட்டி, புகையில் உட்கார்ந்து உப்புக் காய்ச்சுகிறார் என்றால், அவரை அங்கே உட்கார வைத்தது எது? அந்த உப்பின் ருசியை விட மனமில்லை. தாத்தா செய்ததைத் தன்னோடு முடித்துவிடக் கூடாது என்ற எண்ணம். இந்த எண்ணத்துக்குத் தனிமை என்று பெயர் வைக்காதீர்கள்.

பாரியோ அரிசியும் அப்படித்தான். சின்னச் சின்ன மணி, வருடத்துக்கு ஒரே போகம், கையால் நட்டுக் கையால் அறுக்கிறார்கள். புவிசார் குறியீடு வாங்கிய அரிசி, நம் ஊர்க் கடைகளில் என்ன விலை என்று இல்லத்தரசிகளுக்குத் தெரியும். அந்த அரிசிக்குப் பெயர் வந்ததே அது மலையை விட்டு இறங்கி வந்ததால்தான். யாருக்கும் தெரியாமல் மலையிலேயே கிடந்திருந்தால், வயலுக்கு ஆள் கிடைக்காமல் எத்தனையோ வட்டார நெல் வகைகள் மறைந்தது போல இதுவும் மறைந்திருக்கும். வெளியுலகத்தோடு உறவு வந்தது அந்த நெல்லுக்கு ஆயுசைக் கூட்டியிருக்கிறது. 1990-களின் கடைசியில் சரவாக் மலேசியப் பல்கலைக்கழகம் அங்கே இணையத்தைக் கொண்டுபோனது, 2011-ல் ஊருக்குச் சொந்தமாகச் சமூக வானொலியும் வந்தது. வானொலியை வைத்து அந்த மக்கள் என்ன செய்தார்கள்? தங்கள் மொழியிலேயே பேசினார்கள்.

நீலகிரித் தோடர்களைப் பற்றி எங்கள் அணித் தலைவர் தொட்டுவிட்டுப் போனார், நான் கொஞ்சம் சேர்க்கிறேன். 1819-ல் கோயம்புத்தூர் கலெக்டர் சல்லிவன் அந்த மலைக்கு வந்தார். பிறகு ஊட்டி நகரமானது, 1908-ல் ரயிலே ஏறி வந்துவிட்டது. இன்றைக்குத் தமிழ்நாட்டில் கூட்டம் மொய்க்கிற மலை அதுதான். தாவரவியல் பூங்காவை ஒட்டியே ஒரு மந்து, அதாவது தோடர் குடியிருப்பு, இருக்கிறது. இருநூறு வருடமாகத் தனிமை என்பதே அவர்களுக்குக் கிடையாது. அதற்கு முன்னாலும் பெரிதாகக் கிடையாது, ஐயா. பானையும் இரும்பும் கோத்தர்களிடமிருந்து வரும், சாவுக்கு வாசிக்கக் கோத்தர் வருவார்கள், படகர்கள் தானியம் கொடுப்பார்கள், தோடர்கள் நெய் கொடுப்பார்கள். இப்படிப் பல இனங்கள் ஒன்றையொன்று சார்ந்து வாழ்ந்த மலை அது.

மொத்தமே இரண்டாயிரம் பேர் அளவில் இருக்கிற அந்தச் சின்னச் சமூகத்தில் ஒரு பெண் பூ வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். வெள்ளைத் துணி, சிவப்பும் கறுப்பும் நூல். துணியில் பென்சிலால் வரைந்துகொள்ள மாட்டாள், வளையம் மாட்ட மாட்டாள். துணியின் இழைகளைக் கண்ணால் எண்ணி எண்ணி ஊசியைச் செலுத்துகிறாள். ஒரு இழை தப்பினால் முழு வரிசையும் கோணும். 2013-ல் இதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த எண்ணிக்கை எந்தப் புத்தகத்திலும் இல்லை. அம்மா பக்கத்தில் மகள் உட்கார்ந்து கற்றுக்கொண்டால் உண்டு, உட்காராவிட்டால் இல்லை. ஊட்டியில் எத்தனை விடுதி கட்டினாலும் அந்த மகள் உட்காருகிற வரைக்கும் பூ வேலை இருக்கும். எட்டாத கொடுமுடியில் கொண்டுபோய் வைத்தாலும், மகள் 'எனக்கு வேண்டாம்' என்று எழுந்துவிட்டால் அன்றோடு முடிந்தது.

இவ்வளவு தூரம் போவானேன், நாம் உட்கார்ந்திருக்கிற பினாங்கையே பாருங்கள். 1786-லிருந்து கப்பல் வந்து போகிற துறைமுகம். சீனர், மலாய்க்காரர், அரபியர், ஆர்மேனியர், வெள்ளைக்காரர் எல்லாரும் தோளோடு தோள் உரசிய தெருக்கள். தனிமைக்கு நேர் எதிரான இடம் ஒன்று உலகத்தில் உண்டென்றால் இதைச் சொல்லலாம். காரைக்குடியில் செய்த வெள்ளி ரதம் 1894-ல் இங்கே வந்தது, இன்றைக்கும் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு ஊர்வலம் போகிறது. வழியில் தேங்காய் உடைக்கச் சீனக் குடும்பங்களும் காத்துக்கொண்டிருக்கின்றன. பத்துப் பண்பாட்டுக்கு நடுவில் நின்றே இதை நம் முன்னோர்கள் காத்தார்கள்.

என் பாட்டி கெடாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தவர். தோட்டம் துண்டாடப்பட்டு, லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீட்டை, காலி செய்யச் சொன்னபோது அடுக்குமாடி வீட்டுக்கு வந்தோம். வாசல் கிடையாது, மண் கிடையாது. பொங்கலன்று பாட்டி ஐந்தடி வராந்தாவில் செங்கல்லுக்குப் பதிலாகக் கேஸ் அடுப்பை வைத்துப் பானை ஏற்றினார். அடுத்த வருடம் பக்கத்து வீட்டு அக்காவும் ஏற்றினார். பிறகு மாடி முழுவதும் ஏற்றியது. தோட்டம் போய்விட்டது, ஆனால் பாட்டி இருந்தார். மலையூர்க்காரர்களைப் பற்றி நான் பேசும்போது எனக்கு அவர் நினைவுதான் வருகிறது.

கடைசியாக, எதிரணித் தலைவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது. "பாதை வந்தால் இளைஞர்கள் இறங்கிப் போய்விடுவார்களே, அப்புறம் உங்கள் 'மக்கள்' எங்கே இருப்பார்கள்?" என்றார்.

போவார்கள், அண்ணே. பாரியோவிலிருந்து போயிருக்கிறார்கள், வயலுக்கு எல்லை தாண்டி ஆள் தேட வேண்டியிருக்கிறது. அது எனக்கும் வலிக்கிறது. ஆனால் பாதை இல்லாத ஊரிலிருந்து இளைஞர் போகவில்லையா? அங்கிருந்துதான் முதலில் போகிறார்கள், போனவர் திரும்புவதும் இல்லை. பிரசவ வலி வந்த பெண்ணை டோலி கட்டி, நாலு பேர் தோள் மாற்றித் தூக்கிக்கொண்டு, இருட்டில் அட்டைக்காட்டு வழியே இறங்குகிற ஊர்கள் தமிழ்நாட்டு மலைகளில் இன்றும் இருக்கின்றன. அந்த டோலியில் பெண்ணோடு சேர்ந்து ஊரின் மரபும்தான் படுத்திருக்கிறது. தாலாட்டு அவளுக்குத் தெரியும், விதை அவளுக்குத் தெரியும், சாமிக்கு எந்தப் பூ என்று அவளுக்குத் தெரியும். அவள் வழியிலேயே போய்விட்டால் அத்தனையும் போகும். மகளுக்கும் அதே கதி வேண்டாம் என்று நினைக்கிற குடும்பம் ஒரே நாளில் மூட்டை கட்டிவிடும். பண்பாட்டைக் காக்கப் பாதை வேண்டாம் என்கிறவர், அந்த டோலியைத் தூக்குகிறவரிடம் போய் அதைச் சொல்ல வேண்டும். நகரத்தில், ஆஸ்பத்திரி பத்து நிமிடத்தில் இருக்கிற நமக்கு அதைச் சொல்ல உரிமை இல்லை.

பாதை வேண்டுமா, எந்த அகலத்தில், எதுவரைக்கும், யார் வரலாம், எப்போது திரும்ப வேண்டும் என்பதை அந்தந்த ஊரே தீர்மானிக்கட்டும். மலாணா விடுதிகளை மூடியது போல மூடட்டும், பாரியோ விமானத்தில் அரிசியை ஏற்றியது போல ஏற்றட்டும். தப்பாகவும் முடிவெடுப்பார்கள், பிறகு திருத்திக்கொள்வார்கள். அந்தத் திறமை அவர்களுக்கு உண்டு என்பதற்கு இவ்வளவு நேரம் சான்று காட்டினேன். தனிமைக்கு மாலை போடுகிறவர்கள், அந்தத் திறமையைப் பார்க்க மறுக்கிறார்கள்.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் ஐயா. எதிரணியில் அடுத்துப் பேச வரும் அண்ணனிடம் ஒரே ஒரு விண்ணப்பம். மீரி நகரத்து மண்டபத்தில் நடக்கிற அந்த இராவுக்கு, அங்கே இல்லாத மலை எப்படிக் காவல் நின்றது என்று இந்த அவைக்குச் சொல்லிவிட்டு, பிறகு உங்கள் உரையைத் தொடங்குங்கள். நன்றி, வணக்கம்.